தாதியர் உழைப்பும் நோயாளர் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

தாதியர் தொழில் குறித்து நம்மிடையே வழங்கும் எழுத்துக்களிற் பெரும்பாலானவை அதனை ஒரு தொண்டாகவே நோக்குவன. கருணை, பொறுமை, தியாகம் என்னும் சொற்களின்றி அவை அமைவதில்லை. இப்போற்றுதலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நோயாளி ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தவிடத்து, அத்தீங்கின் காரணமும் தாதியின் தனிப்பட்ட குணத்திலேயே தேடப்படுகின்றது. கருணை குறைந்தது, கவனம் பிசகியது, கடமையுணர்வு கெட்டது என்று கூறுவதோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. எத்தனை நோயாளருக்கு அவள் ஒருத்தி பொறுப்பாயிருந்தாள், எத்தனை மணிநேரம் தொடர்ந்து நின்றாள், அவள் கையில் என்ன மருந்தும் கருவியும் இருந்தன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

நோயாளரின் பாதுகாப்பு தாதியின் பண்பிலன்றி, அவள் உழைக்கும் நிலைமைகளிலேயே முதன்மையாகத் தங்கியுள்ளது என்பதனைக் கடந்த நூற்றெழுபது ஆண்டுக்கால வரலாற்றின் துணைகொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனிமனிதப் பொறுப்பை நாம் மறுக்கவில்லை. அப்பொறுப்பு எச்சூழலிற் செயற்படுகின்றது என்பதனையே ஆராய முற்படுகின்றோம்.

1. ஸ்குற்றாரியின் பாடம்

நவீன தாதியத்தின் வரலாறு கிரைமியப் போரிலிருந்தே வழக்கமாகத் தொடங்கப்படும். புளோரன்ஸ் நைற்றிங்கேல் 38 பெண்களுடன் 1854 நவம்பர் தொடக்கத்தில் ஸ்குற்றாரியிலிருந்த பிரித்தானிய இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே நடந்த பெருமாட்டியின் உருவம் பாடநூல்கள் வாயிலாக நமக்கும் பழக்கமானது. ஆயின், அவர் அங்கு சென்ற பின்னரும் இறப்புக்கள் குறையவில்லை; மாறாகக் கூடின என்னும் உண்மையைப் பாடநூல்கள் கூறுவதில்லை. 1855 பெப்ரவரியில் இறப்பு நூற்றுக்கு 42 என்னும் அளவினை எட்டியது. அம்மாரிகாலத்தில் ஆங்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட போர்வீரர் மடிந்தனர். அவர்களிற் பெரும்பாலாரைக் கொன்றவை போர்க்களக் காயங்களல்ல; வயிற்றுளைவு, வாந்திபேதி, காய்ச்சல் முதலிய நோய்களே.

அவ்வைத்தியசாலை உண்மையில் ஒரு படைமுகாம். அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின் மேல் அது நின்றது. காற்றோட்டம் இல்லை, நீர் மாசுற்றிருந்தது, நோயாளர் நெருக்கமாகக் கிடத்தப்பட்டனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கால்வாய்களைத் துப்புரவாக்கினர், நீரைத் தூய்மைப்படுத்தினர், சாளரங்களைத் திறந்து காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். யூன் மாதமளவில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு வீழ்ந்தது. தாதியர் அதே தாதியரே. அவர்களின் கருணை பெப்ரவரியிற் குறைந்து யூனில் வளர்ந்ததன்று. மாறியது சூழல்.

இப்பாடத்தை எவரினும் ஆழமாக உணர்ந்தவர் நைற்றிங்கேலே. நாடு திரும்பியபின் புள்ளிவிபரவியலாளர் வில்லியம் பாரின் துணையோடு இறப்புக்களின் காரணங்களை வகுத்து, 1858 இல் அவற்றை வட்டவரைபடங்களாக வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரவியற் கழகத்தின் முதலாவது பெண் உறுப்பினராகவும் ஆனார். வைத்தியசாலையே நோயாளிக்குத் தீங்கு செய்யலாகாது என்பது அவர் எழுத்துக்களின் அடிப்படைக் கொள்கை. விக்ரோரியா காலத்துச் சமூகமோ அவருடைய விளக்கை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டது. விளக்கு ஒரு பெண்ணின் தியாகத்தைக் காட்டியது. கணக்கோ அரசின் பொறுப்பைக் காட்டியது. ஆளும் வர்க்கத்துக்கு இவற்றுள் எது உவப்பாயிருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் இத்தகைய உண்மையொன்றைக் கண்டறிந்திருந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு மருத்துவ மாணவர் பணியாற்றிய பிரசவப் பிரிவிலே தாய்மார் பெருந்தொகையாக இறந்தனர். மருத்துவ மாதுகள் பயின்ற பிரிவில் இறப்புக் குறைவு. மாணவர் பிரேதபரிசோதனை செய்த கைகளோடு பிரசவம் பார்க்க வந்ததே காரணம் எனக் கண்டு, 1847 இல் குளோரின் கரைசலிற் கைகழுவும் விதியை அவர் புகுத்தினார். நூற்றுக்கு 18 அளவிலிருந்த இறப்பு இரண்டே மாதங்களில் 2 அளவாயிற்று. மருத்துவ மாதுகளின் கைகள் தீங்கற்றவையாயிருந்தது அவர்களுடைய நற்பண்பினாலன்று. பிரேத அறைக்கு அவர்கள் செல்லவில்லை என்பதனாலேயே. இங்கும் வேலையின் ஒழுங்கமைப்பே உயிரையும் இறப்பையும் தீர்மானித்தது.

2. பயிற்சியும் மலிவான உழைப்பும்

1860 இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் நைற்றிங்கேல் பெயரிலான தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. மாணவியர் தாதியர் விடுதியிலே தங்கினர். தலைமைத்தாதியின் கண்காணிப்பில் வாழ்ந்தனர். அவர்தம் வேலைத்திறனோடு ஒழுக்கமும் பதிவேடுகளிற் குறிக்கப்பட்டது. இம்முறை 1868 இல் சிட்னிக்கும் 1873 இல் நியூயோர்க்குக்கும் பரவியது. வீட்டு வேலைக்காரியின் நிலையிலிருந்து தாதியை மீட்டுக் கல்வியுடைய தொழிலாளியாக்கியது இதன் வரலாற்றுச் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இச்சாதனையின் உள்ளேயே ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. மாணவி கற்பவளாகவும் ஊதியமற்ற அல்லது அற்ப ஊதியம் பெறும் ஊழியையாகவும் ஒருங்கே இருந்தாள். வைத்தியசாலைகள் பெருகப் பெருக, பாடசாலை நடத்துவதே மலிவான உழைப்பைப் பெறும் எளிய வழியாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலம் வைத்தியசாலை வாட்டுகளைப் பெரும்பாலும் மாணவியரே நடத்தினர்; பயிற்சி முடித்தவர்களோ தனியார் வீடுகளில் வேலை தேடினர். கல்வியின் தேவை வேலையின் தேவைக்குப் பலியாக்கப்படுவதனை 1923 இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை வெளிப்படையாக எடுத்துக்காட்டியது. களைத்துப்போன, பயிற்சி முடியாத ஓர் இளம்பெண்ணிடம் இரவுநேரத்தில் வாட்டு முழுவதும் ஒப்படைக்கப்பட்டதெனின், அதனால் விளையும் ஆபத்து யாருக்கு என்பதனை விளக்கவேண்டியதில்லை. தியாகம் என்னும் கருத்துநிலை இச்சுரண்டலுக்கு ஒழுக்கப் போர்வையாயமைந்தது. தொண்டு செய்பவள் நேரம் கேட்கலாமா, ஊதியம் கேட்கலாமா என்பதே அப்போர்வையின் மொழி.

3. பதிவுக்கான போராட்டம்

தாதி எனத் தன்னை அழைத்துக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு என்னும் வினா 1880களில் எழுந்தது. 1887 இல் பிரித்தானியத் தாதியர் சங்கத்தைத் தோற்றுவித்த எதெல் பெட்போட் பென்விக், பயிற்சியும் பரீட்சையும் பெற்றோரையே சட்டம் தாதியராக ஏற்கவேண்டுமென வாதிட்டார். பயிலாதவர் கையில் நோயாளி பாதுகாப்பற்றிருக்கிறார் என்பது அவருடைய முதன்மையான வாதம். நைற்றிங்கேலோ இதனை எதிர்த்தார். நற்குணத்தைப் பரீட்சையால் அளக்கவியலாது என்பது அவர் நிலைப்பாடு. சூழலின் வலிமையை உலகுக்குக் காட்டியவரே இங்குக் குணத்தின் பக்கம் நின்றமை, பெருமனிதரும் தம் காலத்தின் எல்லைகளை முற்றாகக் கடப்பதில்லை என்பதற்குச் சான்றாகும்.

1901 இல் நியூசிலாந்து உலகின் முதலாவது தாதியர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரித்தானியாவில் அது 1919 வரை தாமதமாயிற்று. மலிவான உழைப்பை இழக்க விரும்பாத வைத்தியசாலை முகாமைகளின் எதிர்ப்பு இத்தாமதத்தின் காரணங்களுள் ஒன்று. அதேவேளை, பதிவு இயக்கத்தின் வர்க்கச் சார்பையும் நாம் மறத்தலாகாது. நீண்ட பயிற்சிக்குப் பொருள் வசதியுள்ள நடுத்தர வர்க்கப் பெண்களே அதன் தலைமையில் இருந்தனர். நோயாளரைக் காக்கும் வேலியாகவும் ஏழைப் பெண்களைத் தடுக்கும் வேலியாகவும் அச்சட்டம் ஒருங்கே செயற்பட்டது.

4. நிறமும் நாடும்

இவ்வேலி நிறத்தின் அடிப்படையிலும் எழுப்பப்பட்டது. யமேக்காவைச் சேர்ந்த மேரி சீக்கோல் வாந்திபேதி நோயாளரைப் பராமரித்த அனுபவமுடையவர். 1854 இல் இலண்டன் சென்று கிரைமியாவுக்கான தாதியர் குழுவிற் சேர விண்ணப்பித்தபோது அவர் ஏற்கப்படவில்லை. தம் சொந்தச் செலவில் போர்முனைக்குச் சென்று, 1855 இல் பலக்லாவாவுக்கு அண்மையில் ஒரு விடுதி அமைத்து, போர்வீரருக்கு உணவும் மருந்தும் வழங்கினார்.

ஒரு நூற்றாண்டின் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. ஆனால் அடிப்படை மாறவில்லை. 1948 யூலை 5 இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது தாதியர் பற்றாக்குறை கடுமையாயிருந்தது. கரிபியன் நாடுகளிலிருந்து இளம்பெண்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களிற் பலர் மூன்றாண்டுப் பதிவுத்தாதியர் பயிற்சிக்கு அன்றி, தரங்குறைந்த ஈராண்டுப் பயிற்சிக்கே திருப்பிவிடப்பட்டனர். அத்தகைமை பதவி உயர்வுக்கு உதவவில்லை. சொந்த நாட்டிற் பலவிடத்து ஏற்கப்படவும் இல்லை.

பின்னர் பிலிப்பைன்சும் கேரளமும் ஆபிரிக்க நாடுகளும் இவ்வோட்டத்தின் ஊற்றுக்களாயின. வறிய நாடு பயிற்றுவிக்கின்றது. செல்வ நாடு பயன் துய்க்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018 இல் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 79 இலட்சம் தாதியர் இருந்தனர். மேலும் 59 இலட்சம் பேர் தேவைப்பட்டனர். இப்பற்றாக்குறையின் 89 வீதம் குறைந்த வருமானமும் கீழ்நடுத்தர வருமானமும் உடைய நாடுகளிலே செறிந்திருந்தது. சுகாதாரப் பணியாளரைப் பிறநாடுகளிலிருந்து திரட்டுவது பற்றிய ஒழுக்கக்கோவையொன்றினை அந்நிறுவனம் 2010 இல் ஏற்றுக்கொண்டது. அது கட்டுப்படுத்தும் வலுவற்றது. நாடுகளின் விருப்பத்தையே நம்பியிருப்பது.

5. எண்ணிக்கை பேசுகின்றது

தாதி ஒருத்திக்கு நோயாளர் தொகை கூடும்போது நிகழ்வது யாது? பராமரிப்பு ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. அது சிறிது சிறிதாகக் கழிகின்றது. முதலிற் கழிவது பேச்சு. அடுத்து, அசையமுடியாத நோயாளியை வேளைதோறும் புரட்டிக் கிடத்துவது பிந்துகின்றது, படுக்கைப்புண் தோன்றுகின்றது. ஒரு கட்டிலிலிருந்து மற்றைய கட்டிலுக்கு ஓடுகையிற் கைகழுவுதல் தவறுகின்றது, தொற்று பரவுகின்றது. நாடியும் சுவாசமும் குறித்த நேரத்திற் பார்க்கப்படுவதில்லை. சத்திரசிகிச்சை பெற்றவரின் நிலை மெல்ல மோசமாவதனை முதலிற் காணவேண்டியவள் தாதியே. வைத்தியர் வந்துபோவார், அருகில் நிற்பவள் அவள். அவள் கண் அங்கில்லாவிடின், காப்பாற்றக்கூடிய உயிரும் இழக்கப்படுகின்றது.

தாதியர் நெடுங்காலம் அனுபவத்தால் அறிந்திருந்த இவ்வுண்மையை ஆய்வு பின்னரே எண்களால் நிறுவியது. லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளில் 2,32,342 சத்திரசிகிச்சை நோயாளரின் விபரங்களை ஆராய்ந்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். தாதி ஒருத்திக்கு ஒவ்வொரு நோயாளி மேலதிகமாகச் சேரும்போதும், 30 நாட்களுள் இறப்பு நேர்வதற்கான வாய்ப்பு 7 வீதத்தால் உயர்ந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகள் பற்றி 2014 இல் வெளியான ஆய்வும் இதனையே உறுதிசெய்தது. பட்டதாரித் தாதியரின் பங்கு பத்து வீதம் கூடுமிடத்து இறப்புக்கான வாய்ப்பு 7 வீதம் குறைந்ததனையும் அது காட்டியது. எண்ணிக்கை மட்டும் போதாது, கல்வியும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வறிவு தானாகச் சட்டமாகிவிடவில்லை. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் 2000 இல் தொழிற்சங்கப் போராட்டத்தின் விளைவாகவே தாதியர்-நோயாளர் விகிதம் நடுவர் தீர்ப்பால் வகுக்கப்பட்டது. 2015 இல் அது சட்டமாயிற்று. கலிபோர்னியாவில் தாதியர் சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் 1999 இற் சட்டம் நிறைவேறி, 2004 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடுத்த கட்டத்தைப் பின்தள்ள ஆளுநர் முயன்றபோது தாதியர் வீதியில் இறங்கினர், நீதிமன்றமும் சென்றனர், வென்றனர். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016 இல் நடைமுறைக்கு வந்த விகிதம் பற்றிய ஆய்வு 2021 இல் வெளிவந்தது. இறப்பும் மீள அனுமதிக்கப்படுதலும் குறைந்ததோடு, மீதமான செலவு மேலதிகத் தாதியருக்கான செலவினும் இருமடங்குக்கு மேற்பட்டது என அது கண்டது. தாதியரைக் கூட்டுவது கட்டுபடியாகாது என்னும் வாதத்தின் வலு இதனாற் பெரிதும் குன்றுகின்றது.

மறுதலையான சான்றும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்ராபோட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நோயாளர் பலர் நீரும் உணவுமின்றி, அழுக்கான படுக்கைகளிற் கைவிடப்பட்டனர். 2013 பெப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, நிதி இலக்குகளை எட்டுவதற்காக முகாமை ஊழியரைக் குறைத்தமையையும் முறைப்பாடுகள் புறக்கணிக்கப்பட்டமையையும் விரிவாகக் காட்டியது. அங்குக் கடுமையாக நடந்துகொண்ட தாதியரும் இருந்தனர். அவர்தம் பொறுப்பு மறைக்கப்படலாகாது. எனினும், தாதியரின் மனமே மரத்துப்போகும்வரை அவர்களை நடத்திய ஏற்பாட்டினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாது, தாதியரை மட்டும் ஏற்றுவது நீதியாகாது.

6. தவறும் தண்டனையும்

1999 இல் அமெரிக்க மருத்துவக் கழகமொன்றின் அறிக்கை, அந்நாட்டு வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையிலான நோயாளர் தடுக்கக்கூடிய தவறுகளால் இறக்கின்றனர் என மதிப்பிட்டது. தவறுகளுக்குப் பெரும்பாலும் தீய மனிதர் காரணரல்லர். குறைபாடுடைய ஒழுங்கமைப்புக்களே காரணம் என்பது அதன் சாரம். தவற்றினைச் சொல்பவர் தண்டிக்கப்படின் தவறு மறைக்கப்படும்; மறைக்கப்படின் மீண்டும் நிகழும்.

இக்கொள்கை ஏட்டளவில் ஏற்கப்பட்டதேயன்றி நடைமுறையில் முழுமையாக வேரூன்றவில்லை. 2017 டிசெம்பரில் அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் ஒரு தாதி, மனஅமைதிக்கான மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தினைத் தவறுதலாக ஏற்றியமையால் நோயாளி ஒருவர் இறந்தார். அவள் எச்சரிக்கைகளைக் கவனியாதது உண்மை. தவற்றினைத் தானே ஒப்புக்கொண்டாள் என்பதும் உண்மை. மருந்து வழங்கும் இயந்திரத்தின் தடையை மீறி மருந்தெடுப்பது அங்கு வழமையாயிருந்தது என வழக்கிலே வாதிடப்பட்டது. 2022 மார்ச்சில் அவள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, பின்னர் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டாள். இத்தீர்ப்பு உலகெங்குமுள்ள தாதியரிடையே எழுப்பிய அச்சம், இனி ஒரு தவற்றினை ஒப்புக்கொள்வது அறிவுடைமையா என்பதே. அவ்வச்சத்தின் விலையையும் நோயாளரே செலுத்துவர்.

7. நமது நாட்டில்

இலங்கையின் நிலையை இவ்வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது அவசியம். 1926 இற் களுத்துறையிலே தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறையும், கிராமங்கள்தோறும் சென்ற மருத்துவ மாதுகளின் உழைப்பும், இலவச வைத்தியமும் சேர்ந்து இந்நாட்டின் தாய்மார் இறப்பினைப் பெரிதும் குறைத்தன. வருமானம் குறைந்த நாடொன்று பயிற்றப்பட்ட பெண்களின் உழைப்பை ஒழுங்கமைத்து உயிர்காக்கமுடியும் என்பதற்கு இது உலகறிந்த சான்று.

ஆயின், இங்கு மொழியும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாகும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியிலே மருத்துவம் இயங்கவேண்டும் என்னும் அவ்வெண்ணம் பின்னர் தொடரப்படவில்லை. மலையகத் தொழிலாளியொருவர் தம் நோவினைத் தமிழிற் கூற, கேட்பவர் அதனை அரைகுறையாக விளங்கிக்கொள்ளும் நிலை இன்றும் அற்றுப்போகவில்லை. முன்னர் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வலி எப்போது தொடங்கியது என்னும் செய்திகள் அங்குத் தொலைந்துபோகின்றன. இரு மொழிகளுக்குமிடையே சைகையாலும் பக்கத்துக் கட்டில் நோயாளியின் உதவியாலும் பாலம் அமைக்கவேண்டியவள் தாதியே.

போரும் தாதியரை விட்டுவைக்கவில்லை. 1987 ஒக்ரோபர் 21, 22 ஆம் தேதிகளில் இந்திய அமைதிகாக்கும் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலையுட் புகுந்து சுட்டபோது, நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் ஊழியரும் கொல்லப்பட்டனர். தாதிக்கே பாதுகாப்பில்லாத இடத்தில் நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது பொருளற்ற சொல்லாகும்.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் கருவிகளுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை மார்ச் மாத இறுதியில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டியதாயிற்று. அந்நெருக்கடியை அடுத்துச் சுகாதாரப் பணியாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியோரின் தோள்களிலே சுமை ஏறியது. ஸ்குற்றாரியின் கால்வாய்போல, இங்கு வெற்றான மருந்தலுமாரி தாதியின் கருணையை வலுவிழக்கச் செய்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, நோயாளரின் பாதுகாப்புத் தாதியின் வேலைநிலைமைகளிலிருந்து பிரிக்கமுடியாதது. ஆதலின் தாதியரின் கோரிக்கையை நோயாளருக்கு எதிரானதாகக் காட்டுவது வரலாற்றுக்கு முரணானது. இரண்டாவது, இத்துறையில் நிகழ்ந்த சீர்திருத்தங்கள் பலவும், பதிவுச் சட்டம் முதல் விகிதச் சட்டம் வரை, தாதியரின் ஒழுங்கமைந்த போராட்டமின்றி வந்திரா. மூன்றாவது, தியாகத்தைப் புகழ்வது பெரும்பாலும் கடமையைத் தட்டிக்கழிக்கும் வழியாகவே பயன்பட்டுவந்துள்ளது.

கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் தாதியருக்குக் கைதட்டினர். அவர்களைத் தேவதைகள் என்றனர். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை ஏறத்தாழ 1,15,000 சுகாதாரப் பணியாளர் அத்தொற்றினால் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கைதட்டிய அரசுகளிற் பல, முகக்கவசத்தைக்கூட உரிய காலத்தில் வழங்கவில்லை. தேவதைகளுக்கு ஓய்வும் ஊதியமும் வேண்டியதில்லை, மனிதருக்கு வேண்டும். தாதியரைத் தொழிலாளராக, அறிவுடைய மனிதராகக் கணிக்கத் தொடங்கும்போதே நோயாளரின் பாதுகாப்பும் தொடங்கும். நம் ஆய்வாளர் இத்துறையில் இனிச் செய்யவேண்டியது பெரிது. நம் வைத்தியசாலைகளின் வாட்டுகளில் இரவுவேளையில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் என்னும் எளிய கணக்கிலிருந்தே அவ்வாய்வு தொடங்கலாம்.